சேலத்தில் செருப்பை எங்கே கழற்றலாம், ஏற்காட்டில் எங்கே கூடாது?

சேலத்தில் காலை நடைக்குப் போகிறவர்களிடம் இப்போது இரண்டு கட்சி இருக்கிறது. “செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுப் புல்லுல நடங்க சார், பிரஷர் இறங்கும், கண்ணு தெளியும்” என்பது ஒன்று. “வெறுங்கால்ல நடந்தா பூச்சி ஏறும்னு சின்ன வயசுல அம்மா திட்டுனது மறந்து போச்சா?” என்பது மற்றொன்று. இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மொட்டைமாடித் தரையையும், ஸ்டேடியத்துப் புல்லையும், ஏற்காட்டுக் காபித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் வாக்குவாதம் முடிவதே இல்லை. எந்த மண், எந்த மாதம், யாருடைய கால் என்று பிரித்துக் கேட்டால் பதில் சுலபமாகவே வந்துவிடும். இங்கே அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன்.

பூச்சியின் கணக்கு

முதலில் கொக்கிப்புழு. அதன் போக்குவரத்தைத் தெரிந்துகொண்டால் எந்த இடம் ஆபத்து என்பதை நாமே சொல்லிவிடலாம். வயிற்றில் புழு உள்ள ஒருவர் திறந்தவெளியில் மலம் கழித்தால் முட்டையும் சேர்ந்து மண்ணுக்கு வருகிறது. நிழல், ஈரம், மிதமான சூடு மூன்றும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிந்து, 5 முதல் 10 நாளுக்குள் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வளர்கிறது. அதன்பின் இரை எடுக்காமலேயே 3, 4 வாரம்வரை ஒரு காலுக்காகக் காத்திருக்கும். அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய நீளம்தான், மண்ணில் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் விரல் இடுக்கில் நுழைந்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, நாம் எச்சில் விழுங்கும்போது உள்ளே போய்ச் சிறுகுடலைக் கவ்விக்கொள்கிறது.

தோல் வழியாகத்தான் நுழைகிறது என்பது தெரியவந்த கதையும் சுவையானது. 1898 வாக்கில் கெய்ரோவில் இருந்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் கையில் இளம்புழுக்கள் இருந்த நீர் தவறிச் சிந்தியது. அந்த இடம் அரித்தது. சில வாரம் கழித்துத் தன் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகளைப் பார்த்தார்.

நமக்கு இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. மனிதக் கொக்கிப்புழு மனித மலத்தில் இருந்துதான் வரும். மாட்டுச் சாணம் மெழுகிய வாசலில் அது கிடையாது. இரண்டாவது, காய்ந்துபோனால் அது செத்துவிடும். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் சேலத்துத் திறந்த செம்மண் இந்தப் புழுவுக்கு வாழத் தகுந்த இடமே இல்லை. சில்வர் ஓக் நிழலில், மழைக்குப் பின் சருகு மூடி ஈரம் காக்கும் தோட்டத்து மண்ணோ அதற்குத் தோதான இடம்.

உள்ளே போனால் என்ன ஆகும்? தென்னிந்தியாவில் அதிகம் இருக்கும் நெக்கேட்டர் இனம், ஒரு புழுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் ரத்தம் இழக்கச் செய்கிறது. கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். 100 புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. அந்த 3 மில்லி ரத்தத்தில் ஒன்றரை மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கும். நாம் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்வதே 1 முதல் 2 மில்லிகிராம்தான். போகிற இரும்பில் ஒரு பங்கைக் குடல் திரும்ப எடுத்துக்கொண்டாலும் கணக்கு கையைக் கடிக்கும். மாதவிடாயில் ஏற்கெனவே ரத்தம் இழக்கும் பெண்ணுக்கும், வளரும் பிள்ளைக்கும் இதுவே ரத்தசோகைக்குப் போதும். நல்ல கறி, மீன் சாப்பிட்டுக்கொண்டு, எப்போதோ ஒரு தடவை இரண்டு மூன்று புழு ஏறியவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகவும் வாய்ப்புண்டு. ஒரே தொற்று ஆளுக்கு ஆள் இப்படி மாறுவதால்தான் “நாங்க எல்லாம் வெறுங்கால்லதான் வளர்ந்தோம், என்ன ஆச்சு?” என்ற கேள்வி எழுகிறது. என்ன ஆச்சு என்று அப்போது யாரும் ஹீமோகுளோபின் பார்க்கவில்லை என்பதே என் பதில்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். குடற்புழுவை ஓர் ஊரிலிருந்தே ஒழிக்க முடியுமா என்று பார்க்க மூன்று நாடுகளில் நடந்த டிவார்ம்3 ஆய்வுக்கு இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்கள் நம் பக்கத்தில்தான் உள்ளன: திமிரி, ஜவ்வாது மலை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையும் ஜவ்வாதும் ஒரே கிழக்குத் தொடர்ச்சி மலைக் குடும்பம். அங்கே சமவெளியைவிட மலைக் கிராமங்களில் கொக்கிப்புழு அதிகமாக இருந்தது. நிழல், ஈரம், கழிப்பறைக் குறைவு, வெறுங்கால் எல்லாம் ஒரே இடத்தில் கூடும்போது நடப்பது அதுதான்.

செருப்பின் பெருமையை அளவுக்கு மீறிப் பேசவும் கூடாது. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் காலில் ஏறுவதில்லை. அழுக்குக் கை, கழுவாத கீரை, காய் வழியாக வாய்க்குள் போகின்றன. செருப்புப் போட்ட பிள்ளை மண்ணை அளைந்த கையோடு மாங்காய் தின்றால் செருப்பு என்ன செய்யும்? அங்கே சோப்புதான் வேலை செய்ய வேண்டும்.

கால் வழியே ஏறும் இன்னொன்று ஸ்ட்ராங்கிலாய்டிஸ். அதிகம் பேசப்படாதது, எனக்குக் கொக்கிப்புழுவைவிடப் பயம் தருவது. மற்ற புழுக்கள் ஆயுள் முடிந்து செத்துப்போகும். இது உடலுக்குள்ளேயே இனம் பெருக்கி, திரும்பத் திரும்ப அதே ஆளைத் தொற்றிக்கொண்டு, பத்து இருபது ஆண்டுகள்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். பிறகு ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே உலை வைக்கக்கூடும். குடற்புழுவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரை இதற்குப் போதாது. ஐவர்மெக்டின் வேண்டும். தோட்ட வேலையிலோ வயல் சேற்றிலோ வெறுங்காலோடு பல காலம் இருந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்குமுன் அதை மருத்துவரிடம் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது.

நகரத்தில் இருப்பவருக்கு வேறொரு புழு. நாய், பூனையின் கொக்கிப்புழு நம் தோலுக்குள் நுழைந்துவிட்டு வழி தெரியாமல் திண்டாடும். மேல்தோலுக்கு அடியிலேயே சிவப்பாக நெளிந்த கோடு போட்டபடி, ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர்வரை நகரும். இரவில் தூங்க விடாத அரிப்பு. சில வாரத்தில் தானே அடங்கும், மாத்திரை போட்டால் சீக்கிரம் அடங்கும். நம் தெருக்களில் இதற்குப் புல்லைவிட முக்கியமான இடம், வீடு கட்டக் கொட்டி வைத்திருக்கும் மணல், எம்-சாண்ட் குவியல். பூனைக்கு அது கழிப்பறை, பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம். வீட்டு வேலை நடக்கும் தெருவில் பிள்ளை வளர்ப்பவர்கள் குவியல்மேல் ராத்திரி ஒரு தார்ப்பாய் போடச் சொல்லிக் கேட்கலாம், மேஸ்திரிகள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

புழு அல்லாதவை சில. துருப்பிடித்த ஆணியில்தான் டெட்டனஸ் இருக்கிறது என்பார்கள். அதன் விதை மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, ஆணி அதைச் சதைக்குள் ஆழமாகக் கொண்டுபோகும் வண்டி மட்டுமே. நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும் அதே வேலையைச் செய்யும். மதுரா கால் என்று உலகமே அழைக்கும் மைசிடோமா, 1842-இல் மதுரையில் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதி வைத்த நோய். முள் குத்திய இடத்தில் மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ தங்கி, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, பாதம் வீங்கி, சிறு சிறு துளைகளில் குருணை போலச் சீழ் வரும். இன்றும் வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களுக்கு வருவதுதான். எலியின் சிறுநீர் கலந்த நீரில் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல். சர்க்கரை நோயாளி மழைக்காலத்தில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றும் சேர்ந்துகொள்ளலாம்.

நன்மை எவ்வளவு நிஜம்?

வெறுங்கால் கட்சியின் வலுவான ஆதாரம் பிள்ளைகளைப் பற்றியது, அதுவும் இந்தியாவிலேயே எடுத்தது. 1992-இல் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாத அச்சை எடுத்துப் பார்த்தார்கள். காலணி அணியும் பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம். அணியாதவர்களில் 2.8 சதவீதம்தான். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களுக்கு அதிகம், செருப்பு, சாண்டல் போட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. மூன்று வயதுப் பிள்ளைக்கு லைட் எரியும் கனத்த ஷூ வாங்கி மாட்டி, அது தள்ளாடித் தள்ளாடி நடப்பதைப் பார்த்து ரசிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பாத வளைவு உருவாகும் வயதில் விரல்கள் விரிந்து தரையைப் பிடிக்க இடம் வேண்டும்.

பெரியவர்களுக்கும் பாதத்தின் சிறு தசைகள் உழைப்பால் வலுப்பெறுகின்றன என்பதில் ஐயமில்லை. வெறுங்காலில் நடந்து தடித்த தோல், தரையை உணரும் திறனைக் குறைப்பதில்லை என்று கென்யாவில் பெரும்பகுதி நடந்து 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. கூழாங்கல் நடைக்கும் ஒரு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் ஓரிகானில் 60 வயதைத் தாண்டிய 108 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவைக் கூழாங்கல் வடிவப் பாய்மேலும் மற்றதைச் சாதாரணமாகவும் 16 வாரம் நடக்க விட்டார்கள். 2005-இல் வந்த முடிவின்படி பாய்மேல் நடந்தவர்களுக்கு உடல் சமநிலை கூடுதலாக முன்னேறியது, ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணும் சற்று இறங்கியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அது பாய். மண்ணே இல்லை. நன்மைக்காகப் பூச்சியையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை.

மற்றபடி, பனிப்புல்லில் நடந்தால் கண்ணாடி கழன்றுவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நடந்தால் மனசு தெளியும், அது வேறு. பூமியின் மின்னணு காலில் ஏறி வீக்கத்தைக் குறைக்கிறது என்று பாயும் பட்டையும் விற்கிறார்களே, அதற்குப் பின்னால் இருப்பவை சிறிய, பலவீனமான சோதனைகள். கொக்கிப்புழு இருந்தால் ஆஸ்துமா வராது என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. அறிந்தே புழுவை ஏற்றி ஆஸ்துமாக்காரர்களிடம் இங்கிலாந்தில் செய்த சோதனையில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் கிடைக்கவில்லை.

இடம் இடமாக

மொட்டைமாடி அல்லது சிமெண்ட் வாசல். சேலத்தில் வெறுங்கால் பழக நினைக்கும் ஆரோக்கியமான ஆளுக்கு இதுதான் என் முதல் தேர்வு. பூச்சி அபாயம் கிட்டத்தட்ட இல்லை. பாதத் தசைக்குக் கிடைக்கும் பயிற்சி புல்லில் கிடைப்பதற்குக் குறைவில்லை. தரை கடினம் என்பதால் குதிகால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் சரிவராது. காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும், ஏப்ரல், மே வெயிலில் மதியம் மாடியில் கால் வைத்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டாம். புல், குருவிச் சத்தம் எல்லாம் கிடைக்காது என்பது உண்மைதான்.

கூழாங்கல் பாதையும் எட்டு வடிவப் பாதையும். பல பூங்காக்களில் போட்டிருக்கிறார்கள். சுற்றுச்சுவர் இருந்து, நாய் நுழையாமல், வெயில் படும் இடமாக இருந்தால் இரண்டாம் தேர்வு. மரநிழலில் பாசி பிடித்துக் கிடந்தால் பூச்சிக்கு முன் இடுப்பு எலும்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஸ்டேடியம், பூங்காப் புல்வெளி. இங்கேதான் எனக்கு இரு மனம். மனிதக் கொக்கிப்புழு வர வாய்ப்பு குறைவு. நாய்ப்புழு, கண்ணாடிச் சில்லு, முள், இவைதான் கவலை. பனி விழுந்த புல் அழகு, ஆனால் அந்த ஈரம்தான் புழுவுக்கும் வேண்டும். வெயில் ஏறிப் புல் நுனி காய்ந்தபின் நடப்பது பாதுகாப்பு, அப்போது நடைக்கு வந்தவர்கள் எல்லாம் டீக்கடையில் இருப்பார்கள். மாசி முதல் வைகாசிவரை காய்ந்த புல்லில் கழற்றலாம், ஆடி தொடங்கி மார்கழி முடியும்வரை போட்டுக்கொண்டே நடக்கலாம் என்பது நான் வைத்திருக்கும் எல்லை. ஆடியில் இடியும் மழையுமாகத் தொடங்கி, ஐப்பசி, கார்த்திகைவரை மண் காய விடாத மாதங்கள் அவை.

மூக்கனேரி போன்ற ஏரிக்கரைகள். கரைமேல் தளம் போட்ட பாதை என்றால் சரி. தண்ணீர் ஓரத்து ஈரமண்ணில் இறங்க வேண்டாம். சாக்கடை கலந்து ஓடும் திருமணிமுத்தாற்றங்கரையைப் பற்றி ஒப்பிடவே ஒன்றுமில்லை. மழைக்குத் தண்ணீர் தேங்கும் தாழ்வான தெருக்களில் இருப்பவர்களுக்கு ஹவாய் செருப்பும் உதவாது, கம்பூட்ஸ் வேண்டும்.

கோயில் மலைகள். குமரகிரி போலப் படியேறும் இடங்களில் கல் காய்ந்திருந்தால் பூச்சிக்கு அங்கே வேலை இல்லை. வெயில்தான் எதிரி. படியை விட்டுப் புதர்ப் பக்கம் ஒதுங்குகிறவர்களுக்கு மட்டும் முன்னே சொன்ன எல்லாமும் பொருந்தும்.

இனி ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்தில் வண்டியை விட்டு இறங்கியதும், குளிர்ந்த மண்ணில் வெறுங்கால் வைக்க ஆசை வராதவர் யார்? ஊருக்குள் விடுதிப் புல்வெளியில் வைக்கலாம். ஏரிப் பூங்காவின் தளம் போட்ட நடைபாதையிலும் பரவாயில்லை. காபித் தோட்டத்துக்குள் போகும் ஒற்றையடிப் பாதை, கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதை, புதர் ஓரம், இவற்றில் வேண்டவே வேண்டாம். காரணம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. நிழலும் சருகும் ஈரத்தைக் காக்கின்றன. சுற்றுலாக் கூட்டத்துக்கு ஏற்ற கழிப்பறை எல்லா இடத்திலும் இல்லை, கூட்டம் எங்கே ஒதுங்குகிறது என்பது ஞாயிற்றுக்கிழமை போனவர்களுக்குத் தெரியும். காட்சி முனைகளில் உடைத்துப் போட்ட பாட்டில் சில்லுகள். சருகுக்குள் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் சருகுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. கூடவே ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலிருந்து தொற்றும் உண்ணி போன்ற சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. மலைப் பக்கம் போய்வந்து ஒரு வாரம், பத்து நாளில் கடும் காய்ச்சல் வந்து, இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருந்தால் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். டாக்சிசைக்ளினுக்குச் சட்டென்று கேட்கும், தாமதித்தால் சிக்கல். இதற்கு ஷூ மட்டும் போதாது, முழுக்கால் பேண்ட்டும் அதைச் செருகிய சாக்ஸும் வேண்டும்.

சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிப் பீடபூமி இவற்றுக்கு இடைப்பட்டது. காற்றும் வெயிலும் அடிக்கும் திறந்த புல்வெளி, கோடையில் காய்ந்து கிடக்கும். குகைக்குள் சன்னதிக்கு எல்லோரும் கழற்றித்தான் போகிறார்கள், அதற்கு யாரும் தயங்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லியாக வேண்டும். “மலைவாசிகளைப் பாருங்க, வெறுங்கால்ல எவ்வளவு ஆரோக்கியமா இருக்காங்க” என்று பேசுகிறவர் பெரும்பாலும் நல்ல ஷூவைக் காரில் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறார். தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கிறவருக்கு வெறுங்கால் ஒரு தேர்வாக இருந்ததே இல்லை. இன்று அவர்களில் பலர் ரப்பர் பூட்ஸோடு இறங்குகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு.

காலில் எதைப் போடுவது?

கழற்றக் கூடாத இடத்தில் எதைப் போட்டாலும் சரிதானா? ஹவாய் செருப்பு முள்ளையும் சில்லையும் தடுக்கும். சேறு பக்கவாட்டில் ஏறி விரலிடுக்கில் படுவதைத் தடுக்காது, புழு நுழைவதோ அங்கேதான். காய்ந்த ஊருக்குப் போதும், ஈர மண்ணுக்குப் போதாது. பின்பட்டி வைத்த சாண்டல் நடைக்கு நல்லது, புழுவுக்கு ஹவாயைப் போலத்தான். சாக்ஸோடு கேன்வாஸ் ஷூ ஏற்காட்டு நடைக்குச் சரியான விலையில் கிடைக்கும் சரியான பதில். நனைந்தால் கழற்றிக் காயவைக்க வேண்டும், இல்லையேல் சேற்றுப்புண் நிச்சயம். மெல்லிய அடியும் அகன்ற முன்பக்கமும் உள்ள ‘வெறுங்கால் ஷூ’ என்று ஒரு வகை விற்கிறார்கள். பாதத் தசை உழைக்க வேண்டும், மண்ணும் படக்கூடாது என்ற இரண்டையும் அது ஓரளவு தீர்த்து வைக்கிறது. விலைதான் கூடுதல். அதை வாங்கியவர்களும், மாடியில் வெறுங்கால் தொடங்குகிறவர்களும் முதல் வாரம் பத்து நிமிடத்தோடு நிறுத்த வேண்டும். குஷன் ஷூவில் பழகிய கால் எலும்பு ஒரே வாரத்தில் ஒரு மணி நேர நடைக்கு இறங்கினால் மயிரிழை விரிசல் விடுவது உண்டு.

இந்த ஒப்பீட்டில் சேரவே கூடாதவர்கள் சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள். அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே வெறுங்கால் கூடாது என்பதே உலகெங்கும் மருத்துவர்கள் சொல்வது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் சுடுகல்லில் நின்று, கொப்புளம் வந்ததே தெரியாமல் வீட்டுக்கு வந்து, படுக்கை விரிப்பில் ஈரத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது “அம்மா சன்னதியில ஒண்ணும் ஆகாது சாமி” என்றார். வாதாடவில்லை. பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், காலை ஆறு மணிக்கே போய்விடலாம் என்றேன், சம்மதித்தார். வெளியே நடக்க எம்.சி.ஆர். செருப்பு. தொழுநோயால் உணர்விழந்த கால்களைக் காக்க வேலூரில் பால் பிராண்ட் குழுவினர் பயன்படுத்திய அந்த மிருதுவான ரப்பர்தான் இன்று சர்க்கரைக் கால்களையும் காக்கிறது. பார்க்க அழகில்லை என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு கால் புண்ணின் மருத்துவச் செலவை விசாரித்துப் பார்க்கலாம்.

மாலை போடுகிறவர்கள் நிலை வேறு. வெறுங்கால் விரதத்தின் பகுதி, அதைத் தேர்வு என்று பேச முடியாது. ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழி, மண் ஈரமாகவே இருக்கும் மாதங்கள் என்பதுதான் சங்கடம். தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டத்துக்கு மண் காயத் தொடங்கிவிடும், தார்ச்சாலையும் பயண தூரமும்தான் பாடு. இரண்டு கூட்டத்துக்கும் செய்யக்கூடியது: இயற்கை உபாதைக்குப் புதர் ஓரத்தைத் தவிர்த்துக் கட்டிய கழிப்பறையைத் தேடுவது, ராத்திரி கால் கழுவி விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துவது, பித்தவெடிப்பு இருந்தால் மாலைக்கு முன்பே களிம்பு போட்டு ஆற்றிக்கொள்வது, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. போட்டுக்கொள்வது.

பிள்ளைகளுக்கு என் முடிவு: வீட்டுக்குள், மாடியில், சுத்தமான வாசலில் முடிந்தவரை வெறுங்கால். தெரு, மணல் குவியல், தோட்டம் என்றால் மிருதுவான, விரல் விரிய இடமுள்ள செருப்பு. பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களை ஒட்டிக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடக் கூடாது. 1 வயது முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு இலவசம், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாதி மாத்திரை. வயிற்றில் இருக்கும் புழுவை அது கொல்லும். அடுத்த வாரம் காலில் ஏறப்போகும் புழுவை அது தடுக்காது. மாத்திரை போட்டாயிற்றே என்று செருப்பை வீசுவதில் பொருளில்லை.

ஏற்காட்டில் ஆசையை அடக்க முடியாமல் தோட்டத்து ஈரமண்ணில் நடந்துவிட்டீர்கள் என்றால் பதற ஒன்றுமில்லை. உடனே சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். அடுத்த சில நாளில் விரலிடுக்கில் சிறு சிறு கொப்புளமும் அரிப்பும் வந்தால் சேற்றுப்புண் என்று நீங்களே முடிவு கட்டிப் பூஞ்சைக் களிம்பு பூசாமல் தோல் மருத்துவரிடம் காட்டி, மலைக்குப் போய்வந்ததைச் சொல்லுங்கள். மலப் பரிசோதனைக்கு மறுநாளே ஓடுவது வீண். ஏறிய புழு வளர்ந்து முட்டையிட 5 வாரமோ அதற்கு மேலோ ஆகும், அதற்கு முன் முட்டை இல்லை என்று வரும் ரிப்போர்ட் எதையும் சொல்லாது. இரண்டு மாதம் கழித்துக் கொடுங்கள், அன்று எடுத்ததை அன்றே, முடிந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்த்துவிடுங்கள். வெளியே கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பாத்திரத்திலேயே பொரிந்துவிடும், பார்க்கிறவர் அதை ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று எழுதிவிட வாய்ப்புண்டு.